பந்தல் கணக்கில் போட்ட காசு

பிரமிளா அக்காவை எங்கள் தண்ணீர் பந்தலில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பெரிதாகப் பிடித்ததில்லை. தைப்பூசத்துக்குப் பந்தல் சாமான்களை ஏற்றி இறக்குவது என் லோரிதான். இரும்புக் குழாய், அண்டா, அடுப்பு, பலகை என்று வெயிலில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நிற்பேன். தண்ணி குடிக்கிறியா தம்பி என்று கேட்க மாட்டார். "அண்டா மூடி ஒண்ணு குறையுதே, எங்க விட்ட?" என்று கேட்பார். மூடி அண்டாவுக்குள்ளேயே கிடக்கும். எடுத்துக் காட்டினாலும் சரி என்று ஒரு வார்த்தை வராது.

இப்போது அவரைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. முருகன் மயிலை விற்ற பொம்பளை என்கிறார்கள். ஆயர் ஈத்தாம் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள், "உண்மையா லா?" என்று. உண்மைதான். அந்த மயிலை ஏற்றிக்கொண்டு போனதே என் லோரிதான். ஆனால் ஏன் விற்க வேண்டி வந்தது என்று ஒருவனும் கேட்பதில்லை. கேட்காதவனுக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

அக்கா பிறந்தது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு வந்துவிட்டார். ஃபேக்டரிக்காரர்கள் எடுத்துக் கொடுத்த வீட்டில் பத்துப் பெண்களோடு தங்கினார். அந்த வீட்டில் சோப்பு காணாமல் போகும், ஷாம்பு காணாமல் போகும். அக்கா தன் தேங்காய் எண்ணெய் போத்தலில் நகப்பூச்சால் கோடு போட்டு வைப்பாராம். எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அந்தக் கோடு போடும் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை. ஒருமுறை பெண் பார்க்க வந்தவரிடம் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னார். அவர் எடுத்துவருகிறேன் என்று போனவர்தான். வேறு யாரும் வரவில்லை, அக்காவும் தேடவில்லை.

லைன் லீடர் வரைக்கும் உயர்ந்தார். வேலையை விட்டு நிற்கும்போது கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அதுவரைக்கும் அவர் வாழ்க்கையில் யாரும் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தது அது ஒன்றுதான். சேமநிதிக் காசு கொஞ்சம், பேங்கு லோன் கொஞ்சம் என்று போட்டு ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட் வாங்கியிருந்தார். அதில் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் தம்பி அர்ஜுனனுக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அக்கா பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு சுங்கை பாக்காப்பில் தம்பி வீட்டுக்கே போய்விட்டார். வாடகை வந்தால்தான் பேங்குக்குக் கட்ட முடியும். மாதம் ஒன்று தவறினாலும் அக்காவுக்கு மூச்சு முட்டும். இது எல்லாருக்கும் தெரியும்.

கடல் பாலத்துக்கு அக்கரையில் இருந்துகொண்டு இக்கரையில் வீட்டைப் பார்க்க முடியாது. அதனால் ஏஜெண்டு வைத்தார். ஏஜெண்டு யார் என்றால் லோகேஸ்வரன், எங்கள் பந்தலுக்குச் செயலாளர். பேச்சில் தேன் ஒழுகும். கழுத்தில் ஏஜெண்டு டேக் தொங்கும், அதில் நம்பரும் இருக்கும். டவுனில் ஒரு வீட்டு ஏஜென்சி கம்பெனியில் வேலை.

லோகேஸ்வரன் பிடித்து வந்த வாடகைக்காரர் இம்ரான். சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் சமையல். அவருடைய சாமான்களை ஏற்றி வந்தது நான் என்பதால் அன்றைக்கு நடந்ததை நானே பார்த்தேன். அலமாரியை மாடிக்கு ஏற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அக்ரிமெண்டு தரையில் விரித்திருந்தது. இம்ரானின் மனைவி சுலைஹா சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"டெபாசிட்ட ஓனர் கையில குடுக்க மாட்டேங்க்கா," என்றார் இம்ரான். "போன வீட்டு ஓனர், சுவத்துல ஆணி அடிச்சேன்னு சொல்லி முழுசா சாப்ட்டுட்டான்."

"நான் சாப்ட மாட்டேன்."

"அவனும் இதேதான் சொன்னான்."

லோகேஸ்வரன் கையைத் தூக்கினான். "சண்டை வேணாம். எங்க கம்பெனில கிளையண்ட் அக்கவுண்ட்டுன்னு ஒண்ணு தனியா இருக்கு. ஓனர் காசு, வாடகைக்காரங்க காசு எல்லாம் அதுலதான் கிடக்கும். கம்பெனி செலவுக்கு எடுக்க முடியாது. ரசீது வரும். அக்ரிமெண்ட்லயும் அப்படித்தான் எழுதிருக்கு."

"யாரு கம்பெனி?" என்றார் அக்கா.

"என் போஸ் கம்பெனிக்கா."

"அவர எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத ஆளு கணக்குல நான் எதுக்குக் காசு வைக்கணும்? உன் கணக்கும் வேணாம், உன்ன எனக்கு நல்லாவே தெரியும்."

சுலைஹா சமையலறையிலிருந்து சிரித்துவிட்டார். லோகேஸ்வரனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது.

அக்கா அக்ரிமெண்டைக் குனிந்து பார்த்தார். பிறகு ஏதோ பெரிய வழி கண்டுபிடித்த மாதிரி நிமிர்ந்தார். "பந்தல் கணக்குல போடு. கையெழுத்து ரெண்டு பேரு. நீ ஒருத்தன், தங்கராஜு அண்ணன் ஒருத்தர். ஒருத்தன் மட்டும் எடுக்க முடியாது. அதுவும் முருகன் காசு. அதுல எவன் கை வைப்பான்?"

"அப்படிப் போடக் கூடாதுக்கா. ரூல்ஸ் இருக்கு."

"முருகன் கணக்குல போடக் கூடாதுன்னு ஒரு ரூல்ஸா? எழுதுனவன் பேரச் சொல்லு."

இம்ரான் தாடையைச் சொறிந்தார். "சாமி காசுன்னா சரிங்க்கா. எனக்கு ஓகே. எவனும் பயப்படுவான்."

லோகேஸ்வரன் அந்த இடத்தில் அக்ரிமெண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். முடியாதுக்கா, வேற ஏஜெண்டு பாருங்க என்று சொல்லியிருக்க வேண்டும். கமிஷன் போய்விடுமே. உட்கார்ந்தே இருந்தான். இம்ரான் தன் போனில் நம்பரைத் தட்டிக் காசை அனுப்பினார். என்ன காசு, எதற்கு என்று எழுதும் இடத்தில் அக்காவின் பேரை மட்டும் போட்டார். அவ்வளவுதான்.

ஒருத்தருக்குச் செய்தது லோகேஸ்வரனுக்குப் பழக்கமாகிவிட்டது. கம்பெனியில் என்றால் ஃபாரம், ரசீது, கையெழுத்து. பந்தல் கணக்கு என்றால் ஒரு நம்பர் கொடுத்தால் போதும். நம்ம ஓனர்களுக்கும் அதுதான் பிடித்தது. சாமி கணக்கு என்றதும் தலையாட்டினார்கள். அந்த வருடம் இன்னும் நான்கு வீட்டு டெபாசிட் அங்கே போய் விழுந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

பொருளாளர் தங்கராஜுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புக் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெருமை பிடித்த மனுஷன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் மற்ற பந்தல்களெல்லாம் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போக, எங்கள் பந்தல் மட்டும் பழைய கூடாரமாக நிற்கிறது என்று அவருக்கு ஓர் எரிச்சல். பந்தல் கணக்கில் காசு வந்து விழுவதைப் பார்த்தார். பேர் இருக்கிறது, வேறொன்றும் எழுதவில்லை. நன்கொடை என்று எடுத்துக்கொண்டார். லோகேஸ்வரன் வாயைத் திறக்காமல் கூடவே கையெழுத்துப் போட்டான். அந்தக் காசில்தான் மயில் வளைவு வந்தது. சாலைக்குக் குறுக்கே விரியும் பெரிய மயில், உடம்பெல்லாம் விளக்கு, தோகை ஆடும். நேர்த்திக்கடனுக்கு வந்த சீனர்களெல்லாம் தேங்காய் உடைப்பதை நிறுத்திவிட்டு நின்று போட்டோ எடுத்தார்கள்.

அந்தத் தைப்பூசத்துக்கு என்னை லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பி ஐந்து பொன்னாடை வாங்கிவரச் சொன்னார் தங்கராஜு. மைக்கில் பேர் கூப்பிட்டார்கள். பிரமிளா என்று கேட்டதும் அக்காவுக்குப் புரியவில்லை. பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். தங்கராஜு பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாக அந்தப் பந்தலில் காய் வெட்டுகிறவர். அதற்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கத் தெரியாத ஆள் சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மூடி எங்கே, கரண்டி எங்கே என்று அன்று முழுக்க யாரையும் கேட்கவில்லை.

அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுச் சுங்கை பாக்காப் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். கம்பெனி கொடுத்த கடிகாரத்துக்குப் பக்கத்தில்.

இம்ரான் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். வாடகை ஒழுங்காக வந்தது. போன வருடம் கெலுகோரில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்ததும் மாறப் போகிறேன் என்று முறையாகச் சொன்னார். சாமான் ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டார். அக்காவும் வந்திருந்தார். அலமாரி, மெத்தை எல்லாம் கீழே போய்விட்டது. இம்ரான் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"டெபாசிட் எங்கக்கா?"

"பந்தல்ல இருக்கு. லோகேஸுகிட்ட சொல்லிருக்கேன். வரும்."

"அவரு போனே எடுக்கல. புது வீட்டு ஓனருக்கு மாசக் கடைசிக்குள்ள நான் டெபாசிட் கட்டணும். இந்தக் காசு வந்தாத்தான் அந்தக் காசு. சாவிய இப்போ குடுக்க மாட்டேன்."

"நான் அடுத்த ஆளு வைக்க வேணாமா?"

"வைங்க. என் காசக் குடுத்துட்டு வைங்க."

"என்னய திருடின்னு சொல்றியா?"

"நான் சொல்லலக்கா," என்றார் இம்ரான். "சொல்ல வைக்காதீங்க."

சுலைஹா வாசலுக்கு வந்து அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "சாமி கணக்குன்னு சொன்னீங்க. சாமிகிட்டயே கேளுங்க," என்றார். பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு காலி, சாவி இம்ரான் பையில், பேங்குத் தவணை அடுத்த மாதம். கையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்றால் அக்கா கையில் இருப்பது அர்ஜுனன் ஆஸ்பத்திரிக்கு. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் லோரியில் ஏறக் காலை வைத்தேன். "எங்க போற? லோகேஸ் இப்போ எங்க இருப்பான்?" என்றார்.

லோகேஸ்வரன் ஏஜெண்டு வேலையை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். காலையில் பசார் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்காருவான் என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய் விட்டேன். அக்காவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா. கோப்பி?"

"என் டெபாசிட்டக் குடு."

"அது பந்தல்ல தானேக்கா இருக்கு. நீங்கதானே அங்க போடச் சொன்னீங்க. நான் கம்பெனில போடுங்கன்னுதான் சொன்னேன். இந்த அண்ணன்கூட இருந்தாரு." என்னைக் கைகாட்டினான். "இல்லியாண்ணே?"

இருந்தேன். சொன்னான்தான். ஆனால் சொல்லிவிட்டு அவனேதான் நம்பரையும் எடுத்துக் கொடுத்தான். அதையும் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"தங்கராஜு அண்ணன்கிட்ட கேளுங்கக்கா. கையெழுத்து நான் எப்பவும் போடத் தயார்."

"கணக்குல காசு இருக்கா?"

கோப்பியைக் கலக்கினான். கலக்கின கோப்பியையே திரும்பவும் கலக்கினான்.

"நீ கலக்கறதுலயே தெரியுது," என்று அக்கா எழுந்தார்.

அடுத்த நாள் டவுனுக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது அந்த ஏஜென்சி கம்பெனியில் அவரை இறக்கிவிட்டேன். என்னையும் வா என்றார், சாட்சிக்கு. காமினி என்ற ஒரு பெண் மேலாளராக உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது, கண்ணாடி, முகத்தில் ஈ உட்காராது.

"ஆண்ட்டி, அக்ரிமெண்ட எடுங்க," என்றாள். "டெபாசிட் எங்க கட்டணும்னு எழுதிருக்கு?"

"உங்க கணக்குல."

"கீழ யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"கட்டுனீங்களா?"

அக்கா அக்ரிமெண்டை மடித்தார்.

"எங்க கணக்குல வந்திருந்தா நீங்களும் வாடகைக்காரரும் கையெழுத்து போட்ட அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்பேன். அந்தக் கணக்க என் போஸ் நெனச்சாலும் தொட முடியாது. ஆடிட்டர் வந்து பார்ப்பாரு. உங்க காசு எங்க கம்பெனி வாசப்படிய மிதிக்கவே இல்லியே ஆண்ட்டி."

"உங்க ஆளுதானே அவன்? டேக் மாட்டிருந்தானே?"

"டேக்ல இருக்கற நம்பரத் தட்டிப் பார்த்தா எந்தக் கம்பெனி ஆளுன்னு வரும். நீங்க காசு போடற கணக்குலயும் அதே கம்பெனி பேர் வரணும். வேற எந்தப் பேர் வந்தாலும் நிறுத்தணும். ஏஜெண்டு சொந்தப் பேரா இருந்தாலும் நிறுத்தணும், சாமி பேரா இருந்தாலும் நிறுத்தணும். அவன் செஞ்சது தப்பு. ஏஜெண்டு வாரியத்துல புகார் குடுங்க, எப்படின்னு நானே சொல்றேன். ஆனா அதுல அவன் டேக்தான் போகும். உங்க காசு வராது."

அக்கா வெளியே வந்து லோரியில் ஏறினார். கதவை அடித்துச் சாத்தினார்.

"திமிரு புடிச்சவ," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சொன்னது சரிதான்," என்றார்.

அந்த வாரமே தங்கராஜு கடைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில் பந்தல் கூட்டம். வரப்போகிற தைப்பூசத்துக்கு லோரி வாடகை பேச என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். லோகேஸ்வரனும் வந்திருந்தான். திருநாவுக்கரசு ஐயாவும் இருந்தார். ரிட்டையர் ஆன ஆபீஸ் கிராணி, ஆலோசகர் என்று வைத்திருக்கிறார்கள், முன் வரிசை நாற்காலி அவருக்கு. அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி தரவில்லை.

"தங்கராஜு அண்ணே, என் வீட்டு டெபாசிட் பந்தல் கணக்குல இருக்கு. வாடகைக்காரன் சாவியக் குடுக்க மாட்டேங்கறான். எடுத்துக் குடுங்க."

தங்கராஜு லோகேஸ்வரனைப் பார்த்தார். லோகேஸ்வரன் போனைப் பார்த்தான்.

"டெபாசிட்டா? பிரமிளா, இது பந்தல். இங்க நன்கொடைதான் வரும். நீ நன்கொடை குடுத்த. நாங்க மேடையில கூப்ட்டு பொன்னாடை போட்டோம். சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்த. இல்லன்னு சொல்லு."

"எடுத்தேன்."

"வாடகைக்காரன் கேட்டதும் சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கறியா? வெக்கமா இல்ல?"

பின்னாலிருந்து ஒருவன், "ஃபேக்டரில இருந்த காலத்துல இருந்தே இப்படித்தான், எண்ணெய் போத்தல்ல கோடு போட்ட ஆளு," என்றான். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அக்கா சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றார்.

"நான் எவ்வளவு நன்கொடை குடுத்தேன்?"

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த வருஷம் பெரிய தொகையில உன்னோடதும் ஒண்ணு. ரெண்டாயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சு வெள்ளி."

"கடைசில ஒண்ணு எங்க?"

"என்னா?"

"சாமிக்குக் குடுக்கறவங்க அம்பத்தொண்ணு குடுப்பாங்க, நூத்தியொண்ணு குடுப்பாங்க, ஆயிரத்தியொண்ணு குடுப்பாங்க. எங்கப்பா பால்மரம் வெட்டின காசுலயே பதினொண்ணுதான் போடுவாரு, பத்து போட மாட்டாரு. நீங்க கல்யாணத்துக்கு மொய் எழுதினாலும் ஒண்ணு வைப்பீங்க. நான் மட்டும் என்ன, முருகனுக்கு எழுபத்தஞ்சுன்னு முடிச்சுக் குடுத்தேனா? என் வீட்டு வாடகை தொள்ளாயிரத்து அம்பது. டெபாசிட் ரெண்டரை மாச வாடகை, போட்டுப் பாருங்க."

யாரும் போட்டுப் பார்க்கவில்லை. போட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. கடைசியில் ஒன்று இல்லாமல் சாமிக்குக் கொடுக்கிற தமிழன் அந்த அறையில் ஒருவனும் கிடையாது, அது எல்லோருக்கும் தெரியும். தங்கராஜுவுக்கும் தெரியும். காசு வந்து விழுந்த அன்றைக்கே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மயில் கண்ணை மறைத்துவிட்டது.

முன் வரிசையில் திருநாவுக்கரசு ஐயா மெல்லத் திரும்பினார்.

"தங்கராஜு, எனக்கும் பொன்னாடை போட்டீங்களே. என் பேர்ல எவ்வளவு?"

"ஐயா, அத அப்புறம் பேசலாம்."

"இப்பச் சொல்லு."

"ரெண்டாயிரத்து எழுநூத்தி அம்பது."

"நான் வருஷா வருஷம் நூத்தியொண்ணு குடுக்கறேன். அதுக்கு மேல குடுத்ததே இல்ல." எழுந்து நின்றுவிட்டார். நரைத்த மீசை ஆடியது. "லோகேஸு, அது என் ரிலாவ் வீட்டு டெபாசிட்டாடா? பத்திரமா இருக்குன்னு சொன்னியே. சொன்னியா இல்லியாடா?"

லோகேஸ்வரன் எழுந்து வாசலைப் பார்த்தான். நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். காலை மடக்கி வழி விடவில்லை.

"அந்த வருஷம் பந்தல்ல காசு இல்லண்ணே," என்று முனகினான். "வாடகைக்காரங்க வெளிய போறதுக்குள்ள வசூல் பண்ணி வச்சிடலாம்னு நெனச்சேன்."

"அஞ்சு பொன்னாடை வாங்கியாந்தேன்," என்றேன் நான். "அஞ்சு பேரும் ஓனருங்கதானா?"

அவன் தலையாட்டினான்.

தங்கராஜு மேசையைத் தட்டினார். "காசு இல்ல. மயிலா நிக்குது. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? கோயில் காரியத்துக்குத்தானே போச்சு, எவன் வீட்டுக்கும் போகல."

"வித்துக் குடுங்க," என்றார் அக்கா.

"மயிலையா? முருகன் மயில விக்கச் சொல்றியா? நீ பொம்பளையா?"

"முருகன் என் வீட்டுல வாடகைக்கு இருந்தாரா? இம்ரான் இருந்தான். அவன் புள்ளைங்க இருந்துச்சு. அவன் காசுல முருகனுக்கு மயில் வாங்குனா முருகனுக்கு அசிங்கம் இல்லியா?"

பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். பொன்னாடை. கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. ஒருநாளும் விரிக்கவில்லை போலிருக்கிறது. மேசை மேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. "இது காய் வெட்டுனதுக்குன்னு நெனச்சேன்," என்றார். காய் வெட்டியதற்கும்தான் என்று ஒரு நாய்கூடச் சொல்லவில்லை.

திருநாவுக்கரசு ஐயாதான் காரியத்தை முடித்தார். அக்கா மட்டும் கேட்டிருந்தால் இன்றைக்கும் இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஐயாவுடைய காசும் மாட்டியிருந்ததால், மாசக் கடைசிக்குள் காசு வராவிட்டால் நேராகப் பாலாய் போலீஸ், ஸ்டேஷன்தான் என்று எழுந்து போய்விட்டார். ஆலோசகர் கொடுத்த ஒரே ஆலோசனை அதுதான்.

சுங்கை பட்டாணியில் ஒரு பந்தலுக்கு மயிலை விற்றார்கள். வாங்கின விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. மீதியைத் தங்கராஜுவும் லோகேஸ்வரனும் ஆளுக்குப் பாதி மாதா மாதம் கட்டுவது என்று ஐயா எழுதி வாங்கினார். சாவி மாட்டியிருந்ததால் அக்கா காசுதான் முதலில் வந்தது. லோரியில் மயிலைக் கட்டிக்கொண்டு நான் போனபோது தங்கராஜு கடை ஷட்டரை இழுத்து மூடிவிட்டார், பார்க்கக் கூடாது என்று. தோகை பாலத்துக் காற்றில் தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அக்கா அந்தக் காசைத் தன் கணக்குக்கு வாங்கவில்லை. பந்தல் கணக்கிலிருந்து நேராக இம்ரானுக்கு அனுப்பச் சொன்னார். பிளாட் வாசலில் நின்றுகொண்டு இம்ரான் போனைப் பார்த்தார். பிறகுதான் சாவியை நீட்டினார்.

"வந்துடுச்சுக்கா."

"இரு." அக்கா உள்ளே போய்ச் சுவரெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். "ஆணி அடிச்சிருக்க."

"ஆமா. காசப் புடிச்சுக்கறீங்களா?"

"விடறேன். போ."

"கோவம் வேணாங்க்கா," என்றார் சுலைஹா படியிறங்கும்போது.

"இருக்கு," என்றார் அக்கா. "உங்க மேல இல்ல."

புது வாடகைக்காரரை யுகேந்திரன் என்கிற வேறொரு ஏஜெண்டு கொண்டு வந்தான். அக்கா அவன் டேக் நம்பரைத் தன் போனில் தட்டி, கம்பெனி பேர் வரும் வரைக்கும் அவனை வாசலிலேயே நிற்க வைத்தார். டெபாசிட் அந்தக் கம்பெனி கிளையண்ட் கணக்குக்குப் போனது. எந்த வீட்டு டெபாசிட், யாருடையது என்று முழுசாக எழுத வைத்தார். தானும் வாடகைக்காரரும் சேர்ந்து கையெழுத்து போடாமல் யாருக்கும் விடக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ரசீது கையில் வந்த பிறகுதான் பேனாவைத் தொட்டார். "முதல் மாச வாடகைய மட்டும் என் கணக்குல போட்டா ஈசிக்கா," என்று யுகேந்திரன் வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் அவன் அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டான்.

சுங்கை பாக்காப் வீட்டுக்கு ஒரு நாள் அர்ஜுனனுக்குக் கட்டில் கொண்டுபோனேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி இருந்தது. போட்டோவை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தைப்பூசத்துக்கு வர மாட்டார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விடிகாலையில் அண்டாவை இறக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. "மூடி எங்க?"

காய் வெட்டும் இடத்தில் பெண்கள் அவருக்குக் கத்தி கொடுக்கவில்லை, நகர்ந்து இடமும் விடவில்லை. அவரே கத்தியும் பலகையும் கொண்டு வந்திருந்தார். ஓரமாகச் சாக்கு விரித்து உட்கார்ந்து பூசணிக்காயை எடுத்துக்கொண்டார். வளைவு இல்லாத எங்கள் பந்தல் பழையபடி கூடாரமாகத்தான் நின்றது. போகிற வருகிறவர்கள், "மயில் எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் தங்கராஜு அக்கா பக்கமாகக் கையைக் காட்டினார். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியத்துக்கு முன்னால் எழுந்து வந்து நன்கொடை மேசையில் தங்கராஜு முன்னால் நின்றார். ஒரு பத்து வெள்ளி நோட்டு, ஒரு வெள்ளி நோட்டு.

"எழுதுங்கண்ணே."

தங்கராஜு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கையால் போ என்றார்.

"ரசீது."

"பதினோரு வெள்ளிக்கு ரசீதா?"

"பதினோரு வெள்ளிக்கு."

பின்னால் வரிசை நீண்டது. காவடிக்காரன் ஒருவன் தண்ணீர் கேட்டுக் கத்தினான். தங்கராஜு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அக்கா வெயிலில் நின்று அதைப் படித்தார். திருப்பி நீட்டினார்.

"நன்கொடைன்னு எழுதல."

தங்கராஜு எழுதினார். அக்கா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பூசணிக்காய்க்குத் திரும்பிப் போனார்.